ஒரு கையொப்பம், பல நாட்டுச் சட்டங்கள்

ஒரு விமானம் எந்த நாட்டு மண்ணில் பழுதுபார்க்கப்படுகிறது என்பதைவிட, அது எந்த நாட்டின் பதிவேட்டில் இடம்பெற்றிருக்கிறது என்பதே அந்தப் பழுதுபார்ப்பு செல்லுமா செல்லாதா என்பதை முடிவுசெய்கிறது. அயர்லாந்தில் பதிவான ஒரு விமானம் ஐதராபாத்தின் பணிமனைக்கு வந்து, அங்குள்ள இந்தியப் பொறியாளர்களால் குறையேதுமின்றிச் செப்பனிடப்பட்டாலும், அந்தப் பணிமனை ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையின் அங்கீகாரத்தைப் பெற்றிராவிட்டால், சட்டத்தின் கண்ணில் அந்த வேலை நடக்காததற்குச் சமம். அதுபோலவே, பதிவெண் 'விடி' என்று தொடங்கும் இந்திய விமானத்தின் எஞ்சின் சிங்கப்பூருக்கோ பிரான்ஸுக்கோ அனுப்பப்படும்போது, அங்குள்ள பணிமனை தன் நாட்டில் எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும், இந்திய விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின், அதாவது டிஜிசிஏவின், ஒப்புதல் அதற்கு இருந்தாக வேண்டும். பயணிகள் ஒருபோதும் காணாத இந்தச் சட்டப் பின்னலுக்குள்தான் உலகின் விமானப் பராமரிப்புத் தொழில் முழுவதும் இயங்குகிறது. இப்பணிமனைகளை வழக்கில் 'எம்ஆர்ஓ' என்பார்கள். பராமரிப்பு, பழுதுநீக்கம், முழுமையாகப் பிரித்துச் சீரமைத்தல் ஆகிய மூன்று வேலைகளையும் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கம் அது.

இந்த ஏற்பாட்டின் வேர் 1944 டிசம்பரில் சிகாகோ நகரில் கையெழுத்தான சர்வதேச விமானப் போக்குவரத்து ஒப்பந்தத்தில் இருக்கிறது. நாடுகளிடையே பறக்கும் ஒவ்வொரு விமானமும் தான் பதிவான நாடு வழங்கிய வான்தகுதிச் சான்றிதழைக் கொண்டிருக்க வேண்டும் என்று அதன் 31ஆம் பிரிவு கூறுகிறது. பறப்பதற்கு ஏற்ற பாதுகாப்பான நிலையில் விமானம் இருக்கிறது என்று ஓர் அரசு தரும் உறுதிமொழியே வான்தகுதிச் சான்று. குறைந்தபட்சத் தரங்களைப் பின்பற்றி அவ்வாறு வழங்கப்பட்ட சான்றைப் பிற நாடுகள் ஏற்க வேண்டும் என்று 33ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் குறைந்தபட்சத் தரங்களை வகுப்பது மான்ட்ரியலைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு. ஆங்கில முதலெழுத்துகளால் 'ஐகாவோ' என்று அழைக்கப்படுவது. ஆனால் ஐகாவோ எந்தப் பணிமனைக்கும் சான்றிதழ் தருவதில்லை. விமானத்தின் சான்றை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும்படி கட்டாயப்படுத்திய ஒப்பந்தம், அந்த விமானத்தைப் பராமரிக்கும் பணிமனையின் சான்றுக்கு அத்தகைய கட்டாயத்தை விதிக்கவில்லை. பணிமனைகளை அங்கீகரிக்கும் பொறுப்பு ஒவ்வொரு நாட்டின் கையிலும் விடப்பட்டதால், அமெரிக்காவின் கூட்டாட்சி விமான நிர்வாகமான எஃப்ஏஏ தன் சட்டத்தின் 145ஆம் பகுதியை வகுத்தது; ஐரோப்பாவும் இந்தியாவும் பின்னர் அதே எண்ணைத் தங்கள் விதித்தொகுப்புகளுக்கும் சூட்டிக்கொண்டன. உள்ளே இருக்கும் நிபந்தனைகள் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன; ஒத்துப்போகாத சில இடங்களில்தான் பணிமனைகளின் உழைப்பும் பணமும் கரைகின்றன.

அந்த வேறுபாடுகள் எங்கே வந்து முட்டுகின்றன என்பதைக் காண, ஒரே ஒரு தாளைப் பார்த்தால் போதும். விமானத்திலிருந்து கழற்றப்பட்ட ஒரு ஹைட்ராலிக் பம்ப் பணிமனைக்கு வந்து, பிரிக்கப்பட்டு, அளக்கப்பட்டு, தேய்ந்த பாகங்கள் மாற்றப்பட்டு, சோதனை மேடையில் ஓட்டிப் பார்க்கப்பட்ட பிறகு, அதனோடு சேர்த்துக் கட்டி அனுப்பப்படும் விடுவிப்புச் சான்றிதழ் ஒன்று உண்டு. ஐரோப்பாவில் அது ஃபார்ம் 1, அமெரிக்காவில் 8130-3, இந்தியாவில் சிஏ ஃபார்ம் 1. மூன்றும் ஏறத்தாழ ஒரே அமைப்பில், எண்ணிட்ட கட்டங்களால் ஆனவை. பாகத்தின் பெயர், பாக எண், வரிசை எண் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன. 11ஆம் கட்டம் செய்த வேலை என்ன என்பதை ஒரே சொல்லில் கேட்கிறது: பரிசோதிக்கப்பட்டதா, பழுதுநீக்கப்பட்டதா, மாற்றியமைக்கப்பட்டதா, முழுமையாகச் சீரமைக்கப்பட்டதா என்று. எந்தக் கையேட்டின் எந்தத் திருத்தப் பதிப்பைப் பார்த்து வேலை நடந்தது, எந்தெந்தப் பாதுகாப்பு உத்தரவுகள் நிறைவேற்றப்பட்டன என்பன 12ஆம் கட்டத்தில் எழுதப்படுகின்றன. 14ஆம் கட்டத்தில் இரண்டு சிறிய சதுரங்கள் உள்ளன: முதலாவது, சான்றை வழங்கும் நாட்டின் சொந்தச் சட்டப்படி வேலை நடந்தது என்பதற்கு, இரண்டாவது, 12ஆம் கட்டத்தில் குறிப்பிட்ட வேறொரு சட்டப்படியும் நடந்தது என்பதற்கு. இரண்டு சதுரங்களிலும் குறியிட்டு, கீழே ஒருவர் கையெழுத்திட்டால் அதுவே இரட்டை விடுவிப்பு. 'டூயல் ரிலீஸ்' என்று தொழிலில் சொல்வது.

இரண்டாவது சதுரத்தில் விழும் அந்தச் சிறு குறி, வெறும் எழுத்துவேலை அன்று. பணிமனைக்கு இரண்டு அதிகாரங்களின் அங்கீகாரமும் நடப்பில் இருக்கிறது, அந்தக் குறிப்பிட்ட பம்ப் இரண்டு அங்கீகாரங்களின் வேலைப் பட்டியலிலும் இருக்கிறது, உள்ளே பொருத்திய ஒவ்வொரு வளையமும் வால்வும் இரு தரப்பும் ஏற்கும் மூலத்திலிருந்து வந்தது என்று அத்தனையையும் அது ஒருசேர உறுதிசெய்கிறது. இவற்றில் கடைசிக் கூற்றே கடினமானது. மூல உற்பத்தியாளர் அல்லாத வேறொரு நிறுவனம், எஃப்ஏஏவின் தனி ஒப்புதலோடு தயாரிக்கும் மாற்றுப் பாகங்கள் அமெரிக்காவில் தாராளமாகப் புழங்குகின்றன. 'பிஎம்ஏ' பாகங்கள் எனப்படும் இவை விலை குறைந்தவை, சட்டபூர்வமானவை. ஐரோப்பா இவற்றுள் செயலிழந்தால் பேராபத்து விளைவிக்கும் முக்கியப் பாகங்களுக்குக் கூடுதல் நிபந்தனைகளை விதிக்கிறது. விமானத்தைக் குத்தகைக்கு விடும் நிறுவனங்களோ பல நேரங்களில் ஒப்பந்தத்திலேயே இவற்றை அடியோடு விலக்கிவிடுகின்றன. ஆகவே கிடங்கில் அருகருகே இருக்கும் இரண்டு பாகங்கள் அளவிலும் உலோகத்திலும் ஒன்றாகவே இருந்தாலும், ஒன்று ஒரு வாடிக்கையாளருக்குப் பொருந்தும், மற்றவருக்குப் பொருந்தாது. இதைக் கிடங்கின் கணினிப் பதிவு தவறாமல் பிரித்துக் காட்டியாக வேண்டும்.

வேறுபாடுகள் இத்தோடு முடிவதில்லை. பழுதுபார்க்கும்போது பாதுகாப்பைப் பாதிக்கக்கூடிய கடுமையான குறையொன்று கண்ணில் பட்டால், எஃப்ஏஏவுக்கு 96 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஐரோப்பிய விதியோ 72 மணி நேரமே தருகிறது. பணி ஆவணங்களை அமெரிக்க விதி இரண்டு ஆண்டுகளும் ஐரோப்பிய விதி மூன்று ஆண்டுகளும் காக்கச் சொல்கின்றன. பணிமனையின் திறனை ஐரோப்பா விமானம், எஞ்சின், உறுப்புகள், சிறப்புச் சேவைகள் என நான்கு வகைகளாகப் பிரிக்கிறது; அமெரிக்காவின் வகைப்பாடு வேறு. விமானத்தைப் பறப்புக்கு விடுவிக்கும் கையெழுத்தை இடுபவர் ஐரோப்பிய முறையில் பி1, பி2, சி எனப் பிரிக்கப்பட்ட தனிநபர் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். பி1 எஞ்சின் மற்றும் கட்டுமானப் பணிகளுக்கும், பி2 மின்னணுவியல் பணிகளுக்கும், சி பெரும் பராமரிப்புக்குப் பிந்தைய இறுதி விடுவிப்புக்கும் உரியவை. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள பணிமனைகளில் கையெழுத்திடுபவருக்கு எஃப்ஏஏ தன் தனிநபர் உரிமத்தைக் கட்டாயமாக்கவில்லை; மாறாக, உரிய பயிற்சியோ 18 மாத நேரடி அனுபவமோ, ஆங்கிலத்தைப் படித்து எழுதிப் புரிந்துகொள்ளும் திறனோடு சேர்த்துக் கேட்கிறது. உரிமத்தைத் தனிமனிதரிடம் தேடும் மரபும், பொறுப்பை நிறுவனத்தின் மீது ஏற்றும் மரபும் இங்கே எதிரெதிரே நிற்கின்றன. ஒரே ஹேங்கரில், ஒரே வாரத்தில், இரண்டு மரபுகளையும் பின்பற்ற வேண்டிய நிலையில் பணிமனை இருக்கிறது.

இதைச் சமாளிக்கப் பணிமனைகள் கையாளும் வழிகள் இரண்டு. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு தனிக் கையேடு எழுதி அலமாரியில் அடுக்குவது ஒரு வழி. பணிமனையின் அமைப்பு, பொறுப்பாளர்கள், நடைமுறைகள், தரக் கட்டுப்பாடு ஆகியவற்றை விவரிக்கும் ஒரே அடிப்படைக் கையேட்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வெளிநாட்டு அதிகாரத்துக்கும் வேறுபடும் இடங்களை மட்டும் ஒரு துணையிணைப்பாக எழுதுவது இன்னொரு வழி. இரண்டாவது வழியே சிறந்தது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. ஏனெனில் இரவுப் பணியில் டார்க் ரெஞ்சைக் கையில் பிடித்திருக்கும் தொழிலாளி மூன்று கையேடுகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்க மாட்டார். 72 மணி, 96 மணி என்ற இரண்டில் குறைவானதை எல்லார்க்கும் பொதுவிதியாக்குவதும், இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு என்பனவற்றில் நீண்டதையே கடைப்பிடிப்பதும் இந்த வழியின் இயல்பான விளைவு. கடுமையான விதியைப் பொதுவிதியாக்கினால் செலவு சற்றே கூடும். ஆனால் எந்த விமானம் எந்தச் சட்டத்துக்கு உட்பட்டது என்று ஒவ்வொரு முறையும் நினைவில் தேட வேண்டிய சுமை தொழிலாளியின் தலையிலிருந்து இறங்கும். அந்த டார்க் ரெஞ்சும்கூட விதிக்கு உட்பட்டதே. போல்ட்டை முறுக்கும் விசையை அளவிடும் அக்கருவி கடைசியாக எப்போது அளவுத்திருத்தம் செய்யப்பட்டது, அந்தத் திருத்தம் எந்தத் தேசிய அளவீட்டுத் தரத்தோடு தொடர்புடையது என்பதைக் காட்டும் ஒட்டுச்சீட்டு அதன் பிடியில் இருக்க வேண்டும். தணிக்கைக்கு வருபவர் முதலில் புரட்டிப் பார்க்கும் பொருள்களில் அதுவும் ஒன்று.

ஒரே பணிமனையை ஐந்தாறு நாட்டு அதிகாரிகள் ஆண்டுதோறும் மாறிமாறித் தணிக்கை செய்வதால் பாதுகாப்பு ஐந்தாறு மடங்காகிவிடுவதில்லை என்பதை அரசுகளும் உணர்ந்தே இருக்கின்றன. 2008இல் கையெழுத்தாகி 2011 மே முதல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க–ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு உடன்பாடு இவ்வகையில் மிகப் பெரியது. அதன்படி ஜெர்மனியில் உள்ள பணிமனையை எஃப்ஏஏவின் சார்பில் ஜெர்மானிய அதிகாரிகளே தணிக்கை செய்து பரிந்துரைக்கலாம். அமெரிக்கப் பணிமனையை ஐரோப்பாவின் சார்பில் எஃப்ஏஏவே பார்த்துக்கொள்ளும். சுவிட்சர்லாந்து, சிங்கப்பூர் ஆகியவற்றோடும் அமெரிக்காவுக்குப் பராமரிப்பு உடன்பாடுகள் உண்டு. கனடாவோ இவையனைத்தையும் தாண்டி நிற்கிறது: கனடிய அங்கீகாரம் பெற்ற பணிமனை அமெரிக்க விமானத்தில் வேலைசெய்ய எஃப்ஏஏ சான்றே தேவையில்லை.

இத்தகைய ஏற்பு ஒருமுறை கிடைத்தால் என்றென்றும் நிலைக்கும் என்று எண்ண முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகிய பிரிட்டனின் இடைக்காலம் 2020 டிசம்பர் 31 அன்று முடிந்தபோது, அன்று வரை ஐரோப்பிய அங்கீகாரமாகச் செல்லுபடியான பிரிட்டிஷ் பணிமனைகளின் சான்றுகள் மறுநாள் முதல் ஐரோப்பாவில் செல்லாதவை ஆயின. கட்டடமும் கருவியும் ஆட்களும் மாறவில்லை. கையெழுத்தின் சட்ட மதிப்பு மட்டும் ஒரே இரவில் மாறியது. முன்கூட்டியே ஜெர்மனியின் கொலோன் நகரில் உள்ள ஐரோப்பிய முகமையிடம் வெளிநாட்டுப் பணிமனை என்ற பெயரில் விண்ணப்பித்து வைத்திருந்தவை தப்பின. ஐரோப்பியச் சான்றுகளை பிரிட்டன் தன் பக்கத்தில் இரண்டாண்டு வரை ஏற்றுக்கொள்ள முன்வந்தது. அந்தச் சலுகைக்கு மறுபக்கத்தில் ஈடு இருக்கவில்லை.

உடன்பாடு இல்லாத நாட்டுப் பணிமனையின் நிலை இன்னும் நெருக்கடியானது. அமெரிக்காவில் உள்ள பணிமனையின் எஃப்ஏஏ சான்று, தானே ஒப்படைக்கும் வரையோ பறிக்கப்படும் வரையோ நீடிக்கும். வெளிநாட்டுப் பணிமனைக்கோ முதல் சான்று 12 மாதங்களுக்கே. அதன்பின் 24 மாதங்களுக்கு ஒருமுறை கட்டணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். அமெரிக்கப் பதிவு பெற்ற விமானங்களுக்கோ அவற்றில் பொருத்தும் பாகங்களுக்கோ தன் சேவை தேவைப்படுகிறது என்பதை விண்ணப்பிக்கும்போதே நிறுவவும் வேண்டும். அமெரிக்க நாடாளுமன்றத்தில் இயற்றப்படும் சட்டம் ஒவ்வொன்றும் தன் வாசல் வரை வரக்கூடும் என்பதையும் அது கணக்கில் கொள்ள வேண்டும். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் வெளிநாட்டுப் பணிமனைகளுக்கான காவல் விதிகளை வகுக்கும்படி போக்குவரத்துப் பாதுகாப்புத் துறைக்கு அந்நாடாளுமன்றம் ஆணையிட்டது. விதிகள் குறித்த காலத்தில் வராததால், 2008 ஆகஸ்ட் முதல் புதிய வெளிநாட்டுப் பணிமனை எதற்கும் எஃப்ஏஏ சான்று வழங்க முடியாமல் போனது. 2014 ஜனவரியில் விதிகள் வெளியாகும் வரை, ஐந்தாண்டுக்கு மேலாக, முதலீடு செய்து ஹேங்கர் கட்டியவர்கள் தங்கள் தவறு எதுவுமின்றிக் காத்திருந்தனர். இப்போது மற்றொரு விதி வந்திருக்கிறது: அமெரிக்க விமான நிறுவனங்களின் விமானங்களில் பாதுகாப்பு சார்ந்த பராமரிப்பு வேலை செய்யும் வெளிநாட்டுப் பணியாளர்களுக்குப் போதைப்பொருள், மதுப் பரிசோதனைத் திட்டம் இருக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் எஃப்ஏஏ அறிவித்தது, நடைமுறைப்படுத்த 2027 டிசம்பர் வரை அவகாசம் உண்டு. சுமார் 65 நாடுகளில் உள்ள தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட பணிமனைகளைத் தொடும் விதி இது. தொழிலாளியின் உடல் மாதிரியை முன்னறிவிப்பின்றிக் கேட்பதைத் தடைசெய்யும் தனியுரிமைச் சட்டங்கள் உள்ள நாடுகளில், ஒரு நாட்டின் சட்டத்தை நிறைவேற்றுவது இன்னொரு நாட்டின் சட்டத்தை மீறுவதாக முடியலாம்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்ற கேள்விக்கு விடை 1989 செப்டம்பர் 8 அன்று டென்மார்க்கின் வடகரைக்கு அப்பால் கடலில் விழுந்த ஒரு நார்வே வாடகை விமானத்தில் இருக்கிறது. ஆஸ்லோவிலிருந்து ஹாம்பர்க் சென்ற அந்தக் கான்வேர் 580 விமானத்தில் இருந்த 55 பேரும் இறந்தனர். பல நாடுகளில் பலரிடம் கைமாறி வந்த அதன் வால் துடுப்பைப் பிணைத்திருந்த போல்ட்டுகளில், உரிய வலிமையில்லாத, அங்கீகாரமற்ற போல்ட்டுகள் இருந்ததை விசாரணை கண்டறிந்தது. பாகம் எங்கிருந்து வந்தது என்பதைத் தாள் வழியாகப் பின்தொடரும் இன்றைய கண்டிப்புக்கு அத்தகைய மரணங்களே அடிப்படை. ஆனால் தாளையே பொய்யாக்கினால்? 2023இல் லண்டனைச் சேர்ந்த ஒரு சிறிய உதிரிபாக வணிக நிறுவனம் போலி விடுவிப்புச் சான்றுகளோடு விற்ற பாகங்கள், உலகில் மிக அதிகமாகப் பறக்கும் எஞ்சின் வகைகளில் ஒன்றான சிஎஃப்எம்56இல் பொருத்தப்பட்டிருந்தது வெளிவந்தது. போர்ச்சுகலில் ஒரு விமான நிறுவனத்தின் பராமரிப்புப் பொறியாளர்கள், ஒரு மலிவான சிறு பாகம் அதன் சான்று சொல்வதைவிட அதிகம் தேய்ந்திருப்பதைக் கவனித்து உற்பத்தியாளரிடம் கேட்டபோதுதான் மோசடி அவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட எஞ்சின்களைத் தேடிப் பிடித்துச் சோதிக்க வேண்டியதாயிற்று. அத்தனை அதிகாரங்களின் அத்தனை தணிக்கைகளும் கண்டுபிடிக்காததைத் தாளையும் பொருளையும் சேர்த்துப் பார்த்த சில கண்கள் கண்டுபிடித்தன. தணிக்கைகளின் எண்ணிக்கையைப் பெருக்குவதைவிட இத்தகைய கண்களைப் பயிற்றுவிப்பதும், சந்தேகப்பட்டு வேலையை நிறுத்துபவரை நிர்வாகம் தாங்கி நிற்பதும் முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஐரோப்பா 2022 டிசம்பர் முதல் தன் பணிமனைகளுக்குப் பாதுகாப்பு மேலாண்மை முறையைக் கட்டாயமாக்கியதும், இரண்டாண்டு அவகாசம் தந்ததும் இந்தத் திசையில் எடுத்த சரியான அடியே. குறை நிகழ்ந்தபின் ஆளைத் தேடாமல், குறை நிகழக்கூடிய இடத்தை முன்பே தேடுவது அம்முறையின் சாரம்.

தாளின் மதிப்பை விமானத்தின் உரிமையாளர்கள் நன்கு அறிவார்கள். இந்திய நிறுவனங்கள் இயக்கும் விமானங்களில் பெரும்பாலானவை குத்தகைக்கு எடுத்தவை. குத்தகை முடிந்து அவை வேறொரு நாட்டுக்குப் போகும். குறிப்பிட்ட எண்ணிக்கை பறப்புகளுக்குப் பின் கட்டாயம் கழற்றி எறியப்பட வேண்டிய எஞ்சின் தட்டுகள் போன்ற பாகங்களுக்கு, தயாரான நாள்முதல் இடைவெளி இல்லாத வரலாற்றை உரிமையாளர் கேட்பார். இடையில் ஒரு பதிவு காணாமல் போனால், நல்ல நிலையில் இருக்கும் பாகமும் விலையற்றதாகிவிடும். சான்று வழங்கும் அரசு கைவிட்டால் விமானமே அந்நிலைக்கு வரும் என்பதை 2022 மார்ச் காட்டியது. ரஷ்ய நிறுவனங்கள் இயக்கிய நூற்றுக்கணக்கான குத்தகை விமானங்கள் பெர்முடாவில் பதிவாகியிருந்தன. உக்ரைன் போரையடுத்து வந்த தடைகளால் மேற்பார்வை செய்ய இயலவில்லை என்று கூறி, பெர்முடா அவற்றின் வான்தகுதிச் சான்றுகளை ஒரே அறிவிப்பில் நிறுத்திவைத்தது. உதிரிபாகங்களும் கையேட்டுத் திருத்தங்களும் நின்றுபோன நிலையில் அவற்றுக்குச் செய்யப்படும் எந்தப் பழுதுநீக்கமும் ரஷ்யாவுக்கு வெளியே ஏற்கப்படுவது அரிது.

இந்தியா இந்த வரைபடத்தில் எங்கே நிற்கிறது? ஓசூரிலும் ஐதராபாத்திலும் நாக்பூரிலும் பெரிய விமானங்களை ஏற்கும் பணிமனைகள் இருக்கின்றன. ஓசூரில் இயங்கும் ஏர் ஒர்க்ஸ், ஐரோப்பிய அங்கீகாரத்தை முன்னோடியாகப் பெற்ற இந்திய நிறுவனம். அண்டையில் கட்டுநாயக்கவில் ஸ்ரீலங்கன் விமான நிறுவனத்தின் பொறியியல் பிரிவும் ஐரோப்பிய அங்கீகாரம் பெற்றிருக்கிறது. இருப்பினும் இந்திய விமானங்களின் எஞ்சின் பணிகளில் பெரும்பகுதி இன்றும் கடல் கடந்தே நடக்கிறது. அரசு இதை முதலில் வரிச் சிக்கலாகப் பார்த்தது: பராமரிப்புச் சேவைக்கான சரக்கு–சேவை வரியை 2020இல் 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைத்தது, 2024 ஜூலையில் இறக்குமதியாகும் உதிரிபாகங்களுக்கும் சீராக 5 விழுக்காட்டை விதித்தது. இவை தேவையான மாற்றங்கள். ஆனால் வரி குறைந்ததால் ஓர் இந்தியப் பணிமனையின் கையெழுத்துக்கு வெளிநாட்டில் மதிப்பு வந்துவிடாது. அமெரிக்காவோடு 2011இல் இந்தியா செய்துகொண்ட உடன்பாடு விமானப் பாகங்களின் வான்தகுதியைப் பற்றியது. பராமரிப்பை உள்ளடக்கிய உடன்பாடு அமெரிக்காவோடும் இல்லை, ஐரோப்பாவோடும் இல்லை. எனவே ஒவ்வொரு பணிமனையும் கொலோனுக்கும் வாஷிங்டனுக்கும் தனித்தனியே விண்ணப்பித்து, தனித்தனியே கட்டணம் செலுத்தி, தனித்தனியே தணிக்கைக்கு உட்படுகிறது. பெரிய நிறுவனங்கள் இச்செலவைத் தாங்கும். சக்கரம், பிரேக், இருக்கை, பேட்டரி ஆகியவற்றைச் செப்பனிடும் சிறு பணிமனைகள் தாங்குவது கடினம்.

பராமரிப்பு உடன்பாடு என்பது பணிமனைகளின் திறமையை மட்டும் பார்த்துக் கையெழுத்தாவது அன்று. ஒரு நாட்டின் சார்பில் மற்ற நாட்டின் அதிகாரி தணிக்கை செய்யப் போகிறார் என்றால், அந்த அதிகாரியின் துறைக்குப் போதுமான ஆட்கள் இருக்கிறார்களா, அவர்கள் கண்ட குறை எவ்வளவு நாளில் தீர்க்கப்படுகிறது என்பதைத்தான் எதிர்த்தரப்பு முதலில் பார்க்கும். டிஜிசிஏவுக்கு ஒப்புதலளிக்கப்பட்ட தொழில்நுட்பப் பணியிடங்களில் ஏறத்தாழ பாதி காலியாக இருந்ததை 2025இல் நாடாளுமன்றத்தில் அரசே தெரிவித்தது. அந்த இடங்கள் நிரம்பி, விமானப் பொறியியலில் அனுபவமுள்ள ஆய்வாளர்கள் அவற்றில் நிலைத்து, இருநாட்டு அதிகாரிகளும் ஒரே பணிமனையைச் சேர்ந்து தணிக்கை செய்து முடிவுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் கட்டம் வந்த பிறகே பேச்சுவார்த்தைக்குப் பொருள் இருக்கும்.